தரையில் வைக்கக் கூடாத குடம்

எங்கள் சித்தப்பா கார் வாங்கிய வருஷம்தான் மழையும் எங்களைக் கைவிட்டது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் உண்டென்று ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். மழை வேண்டி மாரியம்மனுக்கு ஊற்ற, பவானி கூடுதுறையிலிருந்து காவிரித் தீர்த்தம் கொண்டுவருவது எங்கள் வழக்கம். நடந்துபோய்த் தலையில் சுமந்து வருவார்கள். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "உச்சிப் பொழுதுக்குள்ள கார்ல கொண்டாந்து நிறுத்திப் போடறேனுங்க" என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். அவர் பேச்சை நம்பி ஊரே அன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் காத்திருந்தது.

கூடுதுறையில் தீர்த்தம் மொண்டு திரும்பும்போது, விரதமிருந்த அம்மா பின்சீட்டில், மடியில் பித்தளைக் குடத்தோடு. கோயில் சேரும்வரை அதைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் தீர்த்தம் வெறும் தண்ணீராகிவிடும். பக்கத்தில் நான். வண்டி குலுங்கும்போதெல்லாம் "சாயாத, சாயாத" என்று எனக்கு ஓர் இடி. அந்தக் குண்டும் குழியுமான சாலையில் சாயாமல் எப்படி உட்காருவதாம்!

சங்ககிரி தாண்டியதும் கார் கொதித்தது. முன்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி புஸ்ஸென்று ஆவி விட்டு நிற்கும். சனியன்! எங்கள் கூஜாத் தண்ணீரை முதலில் அதுதான் குடித்தது. கிணற்றைக் கண்ட இடமெல்லாம் சித்தப்பா வாளியோடு ஓடுவார், வெறும் வாளியோடு திரும்புவார். வழியெல்லாம் கிணறுகளில் வெடித்த சேறுதான் இருந்தது. முன்சீட்டில் அப்பா துண்டால் விசிறிக்கொண்டு சித்தப்பாவை முறைத்தபடி வந்தார்.

திருச்செங்கோட்டுக்கு அப்பால் கார் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. சித்தப்பாவின் கண் குடத்தின்மேல் போயிற்று.

"ஏனுங்க அண்ணி, அரைக் குடம் குடுங்க. ஊடு போய்ச் சேந்துக்கலாம்."

"சாமித் தண்ணிங்க தம்பி. உசுரே போனாலும் தரமாட்டேன்."

எனக்காவது ஒரு வாய் கொடு என்று அழுதேன். "பொறு சாமி" என்றாளே தவிர, குடத்தின் வாயைக் கட்டிய துணியில் கை வைக்கவில்லை. பெற்ற மகளைவிடப் பித்தளைக் குடம் உசத்தியா என்று ஆத்திரமாக வந்தது.

சாலையோரக் குடிசையிலிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் மண்பானையுமாக வந்தாள். கேட்காமலே முதலில் என் வாயில் ஊற்றினாள். பிறகு பானையை அப்படியே சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"தீர்த்தம் போற வண்டிங்களா? இது நிக்கக் கூடாதுங்க சாமி. ஊத்திக்கோங்க."

சித்தப்பா கடைசிச் சொட்டுவரை காருக்கு ஊற்றினார். கார் உறுமியது. அவள் காலிப் பானையை வாங்கி, உள்ளே விரலால் துழாவி, அந்த ஈர விரலைக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

அம்மா இறங்கினாள். குடத்தைத் தரையில் வைத்தாள். துணியை அவிழ்த்து, அவ்வளவையும் அந்தப் பானையில் ஊற்றினாள். "ஐயோ, சாமி குத்தமுங்க!" என்று அந்தப் பெண் பதறினாள். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"இதைய அப்பவே எனக்குக் குடுத்திருந்தா இந்நேரம் ஊருல இருப்போமுங்க!"

அம்மா காலிக் குடத்தோடு ஏறி உட்கார்ந்தாள்.

ஊரில் மேளத்தோடு நின்றிருந்தார்கள். காலிக் குடத்தைப் பார்த்ததும் மேளம் நின்றது. "வழியில எறக்கி வெச்சுட்டேனுங்க" என்று மட்டும் அம்மா சொன்னாள். அன்று அவள் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. மறுபடி போய்க் கொண்டுவந்தே தீரவேண்டும் என்றார் பூசாரி. பட்டினி கிடந்தவர்களில் நடந்துபோக யாருக்கும் தெம்பில்லை. ஆகவே மறுபடியும் அதே கார், அதே வெயில், அதே நாங்கள்.

மறுநாள் கூடுதுறையில் அம்மா இரண்டு குடங்களில் தண்ணீர் மொண்டாள். ஒன்று அவள் மடியில் ஏறியது, மற்றது என் மடியில். கால் மரத்துப்போயிற்று.

"இதையும் கீழே வைக்கக் கூடாதா?" என்று சிணுங்கினேன்.

"அதைய வெக்கலாம் சாமி. திருச்செங்கோடு தாண்டட்டும்."

ஒரு மாரியம்மனுக்கு ஒரு குடம் போதாதா, இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு பேராசை என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.