நடுவில் நடக்காமல் போட்ட கையெழுத்து

நான் போய்ச் சேர்ந்தபோது பொம்பா என்கிற தீயணைப்பு வண்டி வந்து நின்றிருந்தது. தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு பழைய ஜல்லிக் குழி அது. குழி மூடப்பட்டது, நிலம் பாதுகாப்பானது என்று மூன்று வாரத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட அமலாக்க அதிகாரி நான்தான். அந்த நிலத்தின் நடுவில், பக்கத்தில் மாடு வளர்க்கும் முனியாண்டி அண்ணன் மார்பு வரை சேற்றில் சிக்கியிருந்தார். அவருடைய இரண்டு மாடுகளில் ஒன்றின் கொம்பு மட்டும் தெரிந்தது. இன்னொன்று தெரியவேயில்லை.

பலகை பலகையாகப் போட்டு அவரைத் தூக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாடுகளைக் காப்பாற்ற முடியவில்லை.

"என் மாடு லெட்சுமி கத்துனா மேடம். பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது?" என்றார். பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் செய்த தப்பு

ஜல்லி கழுவின கலங்கல் தண்ணீரைக் குழியின் நடுவில் ஒரு குளத்தில் விடுவார்கள். நாங்கள் அதை ஸ்லைம் பாண்ட் என்போம். வெயிலில் மேலே ஓடு மாதிரி காய்ந்துவிடும், அடியில் வெறும் கூழ். அதன்மேல் லாலாங் புல் ஜோராக வளரும். எங்கள் ஃபாரத்தில் 'புல் முளைத்துள்ளதா' என்று ஒரு கட்டம் உண்டு. நான் பச்சையைப் பார்த்தேன், டிக் போட்டேன். ஓரத்தில் நாலு இடத்தில் இரும்புக் கம்பியைக் குத்தினேன், இறங்கவில்லை.

நடுவுக்குப் போகக் கிளம்பினேன். "உள்ள பாம்பு இருக்கு மேடம், எதுக்கு வம்பு?" என்றார் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். வெயில் மண்டையைப் பிளந்தது. சரி என்று திரும்பிவிட்டேன். பதினோரு வருட சர்வீஸ் எனக்கு! வெட்கக்கேடு.

வெளியே கேட்டில் முனியாண்டி அண்ணன் நின்றிருந்தார். பக்கத்து எஸ்டேட் மூடிய பிறகு மாடு வளர்த்துக் கிள்ளானில் பால் ஊற்றுகிறவர்.

"புல்லு நல்லா இருக்கே மேடம், மாட்ட விடலாமா?"

"எல்லாம் செக் பண்ணியாச்சிண்ணே. விடுங்க லா."

அப்புறம் ஒரு வாரம் விடாத மழை. மேலே காய்ந்திருந்த ஓடு ஊறிப்போனது.

ரிப்போர்ட்

மறுநாள் எங்கள் மேலதிகாரி தேவராஜ் சார் கூப்பிட்டார். "வேலியில 'உள்ளே வராதே' போர்டு தொங்குதுதானே? அத்துமீறி உள்ள போனாருன்னு எழுதிடு."

"நான்தான் சார் விடச் சொன்னேன்."

"அத யாரு கேட்டா? சாட்சி இருக்கா? உன் வேலைய பாரும்மா."

சாட்சி இல்லை. கேட்டில் நானும் முனியாண்டி அண்ணனும் மட்டும்தான். அப்படி எழுதினால் மாட்டைப் பறிகொடுத்த மனுசன் மேலேயே கேஸ் வரும். எழுதாவிட்டால் என் பிரமோஷன் போகும். உண்மையைச் சொல்கிறேன், அந்த 'அத்துமீறி' வரியை டைப் செய்துவிட்டேன். மத்தியானம் வரை ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழித்துவிட்டு எழுதினேன்: 'மாடுகளை விடலாம் என்று அவரிடம் சொன்னது நான். நடுப்பகுதியை நான் சோதிக்கவில்லை.'

பிரமோஷன் போனது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் ஃபைலில் ஏறியது. முனியாண்டி அண்ணன் மேல் கேஸ் வரவில்லை. கான்ட்ராக்டர் கூழை முழுவதும் தோண்டியெடுத்து, லோரி லோரியாகச் செம்மண் கொட்டி, அடுக்கடுக்காக ரோலர் ஓட்ட வேண்டியதாயிற்று.

மறுபடியும் அதே நிலம்

மறுசோதனைக்கு நானே கேட்டுப் போனேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். கூட வந்த பியூன் மறுமுனையைப் பிடித்திருந்தார். எங்கிருந்தோ வந்த முனியாண்டி அண்ணன், "குடுங்க, நான் புடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

பத்து அடிக்கு ஒரு தடவை கம்பியைக் குத்திக் குத்தி நடுவுக்குப் போனேன். ஒரு இடத்திலும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கயிற்றைத் தன் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றியிருந்தார்.

"அண்ணே, எதுக்கு இடுப்புல? நான் உள்ள போனா நீங்களும்ல வருவீங்க!"

"கையில புடிச்சா வழுக்கும் மேடம்" என்றார். "லெட்சுமி கயிறு அப்படித்தான் வழுக்கிடிச்சி."

அங்கேயே நின்று அழுதேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நடுவில் நடந்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நம் பேச்சை நம்பி ஒரு மனுசன் அங்கே கால் வைப்பான்.