குக்கர்க்காரியின் கெடுபிடி

செத்த மாட்டைத் தூளாக்கும் ஆலையில் வேலை என்றால் பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். அங்கே பெரிய குக்கரை ஓட்டும் குக்கர்க்காரிக்கு அதில் துளியும் வருத்தம் கிடையாது. காலை நீட்டி சொகுசாக உட்கார்ந்து வருவாள். எழுந்து போகிறவர்களிடம், "செத்தது நாறாம மணக்குமா?" என்று கேட்டும் விடுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாய் இல்லாவிட்டால் பல வீடுகளில் கோழி மிஞ்சியிருக்காது என்பேன்.

ஆலை வருவதற்கு முன் செத்த ஆடுமாடுகளைக் கால்வாய்க் கரையில்தான் இழுத்துப் போட்டார்கள். ஒரு பெருமழையில் அத்தனையும் தண்ணீரில் கலந்தது. அதைக் குடித்த மந்தைகள் நோய் கண்டு மடிந்தன. அவளுடைய அப்பாவின் தொழுவம் ஒரே வாரத்தில் துடைத்து வைத்தாற்போல் காலி. அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்குத் தூக்கம் கலைந்தது. செத்ததை அரைத்து, நீராவி அழுத்தத்தில் இருபது நிமிஷம் வேகவைத்த பிறகே கோழித் தீவனத்துக்குத் தூளாக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆலை திறந்தபோது வேலைக்குப் போக எல்லோரும் தயங்கினார்கள். அவள் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

முதல் வருஷமே ஒரு தப்பு செய்தாள். பெரிய குக்கரின் அழுத்தமுள் உரிய எண்ணைத் தொட்டதும் இருபது நிமிஷக் கணக்கை ஆரம்பித்துவிட்டாள். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் அந்த முள் கூசாமல் பொய் சொல்லும். அழுத்தம் இருக்கும், சூடு இருக்காது. நடுவில் வேகாத கட்டிகள் தூளோடு தூளாகத் தீவனத்தில் போய், அவள் அக்காவின் கோழிப்பண்ணையே படுத்துவிட்டது. ஈ காக்காய்க்குத் தெரியாமல் மறைத்திருக்கலாம். அவளே போய்ச் சொன்னாள். அக்கா எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து வால்வைத் திறந்து, காற்றெல்லாம் சீறி வெளியேறி, வெறும் ஆவி வரும்வரை அவள் கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு கோடையில் வெயில் தாங்காமல் பண்ணைகளில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. ஆலை வாசலில் பன்னிரண்டு லாரிகள். புது மேலாளர் ஓடி வந்தார்.

"அக்கா, காத்து விடுறதுக்கே கால் மணி நேரம் போகுது. முள்ளு ஏறினதும் நேரத்தை எடுத்துக்குங்க."

"முடியாது சார்."

விளக்கம் கேட்பதாகச் சொல்லி அவளை அலுவலகத்தில் நிற்க வைத்துவிட்டு, அங்கேயே இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்த அவள் தம்பியிடம் குக்கரை ஒப்படைத்தார். வேலை போய்விடுமோ என்று பயந்து அவனும் காற்று போகும் முன்பே வால்வை மூடினான். அவள் திரும்பி வந்தபோது வெந்ததாகச் சொல்லிக் கொட்டிய குவியல் தரையில் கிடந்தது. ஒரு கட்டியை எடுத்து வெட்டினாள். நடுவில் சிவப்பு. அதை அப்படியே தட்டில் வைத்து மேலாளரின் மேஜைக்குக் கொண்டுபோனாள்.

"வெந்துடுச்சுன்னு நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் பேனாவைத் தொடவில்லை. "உங்க வேலை போயிடும்க்கா."

"போகட்டும். இது வெளிய போகாது."

கேட்டுக்கொண்டிருந்த தம்பி தலையைக் குனிந்தபடி மண்வெட்டியை எடுத்து வந்தான். இருவரும் குவியலை மறுபடி குக்கருக்குள் அள்ளிப் போட்டு முடிப்பதற்குள் அவளுடைய வேலைநீக்க உத்தரவு கைக்கு வந்தது. காரணம்: காற்றை வெளியேற்றுவதாகக் கூறி உற்பத்தியைத் தாமதப்படுத்தியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேராக வாசலுக்குப் போய் லாரிக்காரர்களுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினாள். முதல் வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டார்.

"எங்க வீட்டுக் கோழியும் இந்தத் தீவனத்தைத்தான் தின்னுது. அக்கா இல்லாம ஒரு மாட்டைக்கூட இறக்க மாட்டோம்."

பன்னிரண்டு லாரிகளும் மேலாளர் அறை ஜன்னலுக்கு நேரே கொளுத்தும் வெயிலில் நின்றன. அவர் ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?" என்றார் வண்டிக்காரர்.

"சாருக்கு மூக்கு இருக்குல்ல? வந்துருவாரு."

அரை மணிகூடத் தாங்கவில்லை. மேலாளர் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு வந்து, உத்தரவைத் திருப்பித் தரச் சொல்லிக் கையை நீட்டினார்.

"தர மாட்டேன் சார். குக்கர் பக்கத்துல ஒட்டி வைக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு, அவள் வால்வைத் திறக்கப் போனாள்.