அரியாலைக்கு வழியில்லை

ரவுட்டர் மூன்று நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது பழுது என்று நினைக்கிற ஆள் எங்கள் முகாமையாளர். போன வருடம் சோழகக் காற்று தொடங்கும் வரைக்கும் நானும் அவர் கட்சிதான். அதனால் வேலையே போகப் பார்த்தது.

எங்கள் விவசாயிகள் சங்கத்துக்கு நான்கு இடங்களில் நிலையம் இருக்கிறது: சுன்னாகம், அளவெட்டி, மானிப்பாய், அரியாலை. காலையில் எங்கே எத்தனை மூடை வெங்காயம் வந்து இறங்கியது என்று சுன்னாகத்துக்குத் தெரிந்தால்தான் எந்த லொறியை எங்கே அனுப்புவது என்று சொல்லலாம். அந்தச் செய்தி கூரை அன்டெனாக்கள் வழியாகப் போகும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பழைய ரவுட்டர். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை.

சுன்னாகமும் அளவெட்டியும் மானிப்பாயும் ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். அரியாலைக்குச் சுன்னாகத்திலிருந்து ஒரே ஒரு தொடுப்பு. இந்த ரவுட்டர்கள் எதற்கும் முழு வரைபடம் தெரியாது. பக்கத்து ரவுட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் வேதவாக்கு. முப்பது வினாடிக்கு ஒருமுறை, இன்ன இடத்துக்கு என் வழியாகப் போனால் இத்தனை தாவல் தூரம் என்று ஒன்று மற்றதுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வழி அறுந்துவிட்டது என்று செய்தி வந்தால் மட்டும் கொஞ்சம் உஷாராகும். அதன்பின் மூன்று நிமிடத்துக்கு வேறு யாராவது முன்னையதைவிட நீண்ட வழியைக் கொண்டுவந்து காட்டினாலும் காதில் போட்டுக்கொள்ளாது. கெட்ட செய்தி எல்லோரிடமும் போய்ச் சேரட்டும் என்று பொறுத்திருக்கிற அந்த நேரத்தைத்தான் ஹோல்ட்டவுன் டைமர் என்பார்கள்.

ஒருநாள் மானிப்பாய்க்கான நேர்த் தொடுப்பு அறுந்தது. அளவெட்டியால் சுற்றிப் போக நல்ல வழி இருந்தும், சுன்னாகம் மூன்று நிமிடம் அதை நம்பாமல் நின்றது. முகாமையாளர் என் தலைக்கு மேலே நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றைக்கே எல்லா ரவுட்டரிலும் அந்த நேரத்தைப் பூச்சியமாக்கினேன். அடுத்த தடவை அரை நிமிடத்துக்குள் வழி மாறியது. முகாமையாளர் எல்லோருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்தார், நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு சோழகம் தொடங்கியது. அரியாலைக் கம்பத்தில் அன்டெனா ஆடி, தொடுப்பு விட்டு விட்டு வந்தது. அரியாலை மட்டும் போனால் பரவாயில்லை. அது விழும்போது பல தடவை மற்ற மூன்று இடமும் சேர்ந்து முடங்கின. லொறிகள் எங்கே போவதென்று தெரியாமல் சுன்னாகச் சந்தை வாசலில் வரிசையாக நின்றன. நான் ரவுட்டர்களை நிறுத்தி நிறுத்தி மறுபடி போட்டேன், பலனில்லை. பழைய சாமான், இனி உதவாது என்று முடிவுகட்டி, முகாமையாளர் கொழும்பிலிருந்து ஒரு கொம்பனியைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாகும், அதோடு நான் வீட்டுக்குப் போகவேண்டும்.

புதன்கிழமை சுன்னாகம் ரவுட்டரின் திரையைப் பார்த்தபடி குந்தியிருந்தேன். அரியாலை விழுந்தது. அரியாலைக்குத் தூரம் நான்கு என்று காட்டியது. பிறகு ஏழு. பத்து. பதின்மூன்று. பதினாறு வந்ததும் வழியில்லை என்று கைவிட்டது, ஏனென்றால் இந்த முறையில் பதினாறு என்றால் முடிவிலி. ஏன் மூன்று மூன்றாக ஏறுகிறது என்று யோசித்தேன். மூன்று பேரைச் சுற்றி வந்தால் மூன்றாகத்தான் ஏறும். கெட்ட செய்தி இன்னும் போய்ச் சேராத மானிப்பாய், தன்னிடம் வழி இருப்பதாக அளவெட்டிக்குச் சொல்கிறது. அளவெட்டி அதை நம்பிச் சுன்னாகத்துக்குச் சொல்கிறது. சுன்னாகமோ தான் முன்பு சொன்ன பழங்கதையே சுற்றி வருவது தெரியாமல் மறுபடி மானிப்பாய்க்குச் சொல்கிறது. அரியாலைக்குப் போகவேண்டிய தரவெல்லாம் அந்த மூன்றுக்கும் இடையே சுழன்று மற்ற எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நின்றது. இந்தச் சுற்றைத் தடுக்க இருந்த ஒரே கதவை நான்தான் கழற்றி எறிந்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே நேரம், பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு துள்ளியது, அதையும் மறைக்கமாட்டேன்.

பேசாமல் பழையபடி மாற்றிவிட்டு நல்ல பிள்ளையாக இருந்திருக்கலாம். ஆனால் அப்போது ஒப்பந்தமும் நடந்திருக்கும், பிழை ரவுட்டர் தலையில் விழுந்திருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை என் மடிக்கணினியோடு கூட்டத்துக்குப் போனேன். எங்கள் மின்வேலைக்காரரை முன்கூட்டியே அரியாலைக்கு அனுப்பியிருந்தேன். சங்கத் தலைவர், முகாமையாளர், கொம்பனிக்காரர் மூவரும் இருந்தார்கள். நான் போனில் சொல்ல, மின்வேலைக்காரர் அன்டெனா வயரைக் கழற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. இந்தத் தடவை கெட்ட செய்தி மானிப்பாய்க்கும் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டது போல. திரும்பக் கொழுவச் சொல்லி, மறுபடி கழற்றச் சொன்னேன். நான்கு, ஏழு, பத்து என்று தலைவரே வாய்விட்டு வாசித்தார். வெளியே லொறிக்காரர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள்.

வயரைக் கொழுவிவிட்டு, எல்லா ரவுட்டரிலும் ஹோல்ட்டவுன் நேரத்தைப் பழையபடி நூற்றெண்பது வினாடியாக்கினேன். மறுபடி கழற்றச் சொன்னேன். அரியாலை மட்டும் போனது. அளவெட்டியிலிருந்தும் மானிப்பாயிலிருந்தும் மூடைக் கணக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் போவதற்குள் கொம்பனிக்காரர், ரவுட்டரை நிறுத்திப் போடலாமே என்று மடிக்கணினிப் பக்கம் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மூன்று நிமிடமும் முகாமையாளர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தபோது பொய்வழி எந்தத் திரையிலும் இல்லை. வயரைக் கொழுவச் சொன்னேன், சற்று நேரத்தில் அரியாலை மூடைகளும் வந்து சேர்ந்தன. தலைவர் முப்பது வருடம் வெங்காய லொறி ஓட்டுவித்தவர்.

"லொறி நிண்டுட்டுது எண்டு டிரைவர் சொன்னாப் பிறகு, வருகுது வருகுது எண்டு சந்தையிலை கனபேர் சொல்லுவினம்," என்றார். "டிரைவர் தானே திரும்பச் சொல்லுமட்டும் நான் ஒருத்தரையும் நம்பிறேல்லை. உதுவும் உந்தச் சங்கதிதானே?"

"ஓம்," என்றேன்.

முகாமையாளர் விடவில்லை. அந்த நேரத்தைப் பூச்சியமாக்கினது யார் என்று கேட்டார்.

"நான்தான். என்ரை பிழை."

தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த ஒப்பந்தத் தாள்களை எடுத்துக் கொம்பனிக்காரரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"பிழையைக் கண்டுபிடிச்சதும் இந்தப் பிள்ளைதான், சொன்னதும் உவதான்," என்றார் முகாமையாளரிடம். "நிரந்தரக் கடிதத்தை இண்டைக்கே அடியுங்கோ."

பிழை விட்டது நான் என்று மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தைக்கு நடுவால், கையில் கடிதத்தோடு, என் வாழ்க்கையில் அதுவரை நடக்காத மாதிரித் தலை நிமிர்ந்து நடந்து போனேன்.