சிவப்பைக் கண்டால் விலத்தவேண்டும்

ஏழு மீற்றருக்குக் குறைந்த, ஏழு நொட் வேகத்துக்கு மேல் போகமுடியாத இயந்திரப் படகு, சுற்றிவரத் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றைக் காட்டினால் போதும். இயலுமானால் பக்க விளக்குகளையும் காட்டவேண்டும். கடலில் மோதலைத் தவிர்க்கும் சர்வதேச விதிகளில் இருபத்துமூன்றாவது இப்படிச் சொல்கிறது. துறைமுகக் கந்தோரில் உத்தியோகம் பார்த்த காலத்தில், அந்த ‘இயலுமானால்’ எத்தனையோ கோப்புகளை மூடியதைப் பார்த்தவன் நான். என் சொந்தப் படகில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை என்று தீர்மானித்தேன்.

படகு என்பது மகள் கனடாவிலிருந்து அனுப்பிய, காற்றடிக்கும் றப்பர் படகு. அதற்கு ஒரு சின்ன மோட்டர். குருநகர்ப் பரவைக்கடலில் தூண்டில் போட, பொழுதுபடும் நேரம்தான் தோது. மனைவி நிபந்தனை வைத்தாள்.

“ஆராவது உங்களைக் கண்டு விலத்துறதை நான் என்ரை கண்ணாலை பார்க்கவேணும். இல்லாட்டி காத்தைப் புடுங்கி மடிச்சு வைச்சிடுவன்.”

கழற்றி மாட்டும் விளக்குகள் போதுமா என்று அந்த ஆவணியிலேயே உரிய கந்தோருக்கும் எழுதிக் கேட்டேன். முறை முறைதானே.

பட்டணத்துக் கடைகளில் இருந்தவை எல்லாம் மினுங்கின, திருவிழாவுக்கு நல்லவை. மினுங்காத, நனைந்தாலும் கெடாத பற்றரி விளக்குகள் இரண்டைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். ஒன்று சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, மற்றது வெள்ளை. றப்பரில் ஆணி அடிக்க முடியாது. உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணம், இரவு குளிரில் படகு சற்றுத் தளர்ந்ததும் கழன்று விழுந்தது. பிறகு முன்பக்கத்தை அரத்தாளால் தேய்த்துத் துடைத்து, சிவப்பு பச்சை விளக்கின் தாங்கியை ஒட்டி, நன்றாகக் காயவிட்டேன். மோட்டர் தொங்கும் பின்பலகையில் தண்ணீர்க் குழாய் ஒன்றை நிறுத்தி, நான் அமர்ந்திருக்கும்போது என் தலை மறைக்காத உயரத்தில் வெள்ளையை வைத்தேன்.

முற்றத்தில் ஒத்திகை. மனைவி படகைச் சுற்றி நடந்தாள்.

“சிவப்பு… இப்ப ரெண்டும்… பச்சை. இஞ்சை பின்னாலை வெள்ளை மட்டும்.”

“சரி. அதுதான் விதி.”

“விதி சரி. கடலிலை விதி தெரிஞ்ச ஆள் வரவேணுமே!”

மறுநாள் பொழுதுபட்ட மைம்மலில் அவள் கரையில் நிற்க, நான் இறங்கினேன். இடப்பக்கமிருந்து மீன்பிடி வள்ளமொன்று நேரே வந்தது. அப்படி வருபவருக்கு என் சிவப்புத்தான் தெரியும், விலத்தவேண்டியவரும் அவரே. வள்ளம் வேகம் குறைத்து, எனக்குப் பின்னால் பெரிய வளைவெடுத்துப் போனது.

“உது ஆரின்ரை வலை?” என்று வள்ளத்திலிருந்தவர் கத்தினார்.

“வலை இல்லை! நான்!”

“ஐயோ ஐயா! வலைத் தலைப்பிலை கட்டுற லைற் எண்டெல்லோ நினைச்சன். வலைக் கண்ணுக்கை விழுந்தா மோட்டர்க் காத்தாடியிலை சுத்திப்போடும் எண்டுதான் விலத்தினன். மினுங்கயில்லையே எண்டும் யோசிச்சனான்!”

கரைக்கு வந்தேன். அவர் கத்தியது அவளுக்கும் கேட்டிருந்தது.

“வலையெண்டு நினைச்சாலென்ன, விலத்தினவர்தானே,” என்றாள். “நாளைக்கும் போங்கோ.”

விலத்தவேண்டும் என்றுதான் விதி. ஏன் விலத்தினாய் என்று அது கேட்பதில்லை. அன்று படகைக் கரையில் இழுத்தபோது, பணிக்காலத்தில் வைத்த எந்தக் கையெழுத்தும் தராத பெருமை எனக்கு இருந்தது.

அதன்பின் பல பின்னேரங்கள் போய்வந்தேன். ‘இயலுமானால் பொருத்தவும்’ என்ற கந்தோரின் மறுமொழி வந்து சேர்ந்தது, தைப்பொங்கலுக்கு மறுநாள்.