இரட்டை மடிப்புப் பை

இந்த நாட்டுக்காரர் பனிக்காலம் வந்ததும் வீதிக்கு மணல் போடுகிறார்கள். லொறியின் பின்பக்கத்தில் ஒரு தட்டு சுற்றிச் சுற்றி மணலை விசிறிக்கொண்டு போகும். உறைந்து கண்ணாடியாகிக் கிடக்கும் தெருவில் ஆட்கள் சறுக்கி விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முதன்முதல் அதைப் பார்த்தபோது ஜன்னலோரம் நின்று தனியே சிரித்தேன். வன்னியில் எங்கள் ஊரான கண்டாவளையில் விடிந்தால் எங்களுக்கு மணலோடுதான் மல்லுக்கட்டு. பாயில் மணல், சோற்றுக் கோப்பையில் மணல், காதுக்குள்ளும் மணல். கூட்டி வெளியே தள்ளினால் காற்று அதைத் திரும்பக் கொண்டுவந்து குசினிக்குள் கொட்டும். இவர்களோ மணலை லொறியில் ஏற்றி வந்து வாசலில் கொட்டுகிறார்களே, இவர்களுக்கு என்ன விசரா என்று நினைத்தேன். அந்த மணல் என் வேலைக்கு உலை வைக்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நோர்வேயின் வடக்கே ஒரு சின்னத் துறைமுகப் பட்டினம். அங்கே இரண்டு மாடி ஹோட்டல் ஒன்றில் எனக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தர வேலைக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம்தான் எனக்கு எல்லாம். அது இருந்தால்தான் என் மனைவி வதனியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். கலியாணம் முடித்து இரண்டு வருடம் சேர்ந்திருந்தோம்; பிறகு நாலு வருடமாக அவள் கண்டாவளையில், நான் இங்கே. சமாதானம் வந்து, பாதை திறந்து, ஓமந்தைச் சோதனைச் சாவடியால் சனம் போய் வரத் தொடங்கியிருந்த காலம் அது. கூப்பிடுவதென்றால் அப்போதே கூப்பிட வேண்டும் என்று எனக்குள் ஒரு அவசரம் கிடந்து துடித்தது. வன்னியில் பிறந்தவனுக்குத் திறந்த பாதையைக் கண்டால் வரும் அவசரம்தான் அது.

என் மேற்பார்வையாளர் பெரித் என்ற அம்மா. ஐம்பது வயது மதிக்கலாம். உயரம், அதிகம் பேசமாட்டார். முதல் நாள் ஒரு ஸ்தோவ்சூகரைக் கையில் தந்தார். தூசி உறிஞ்சும் யந்திரத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. வயிற்றுக்குள் ஒரு கடதாசிப் பை, நீண்ட குழாய், முனையில் உருளும் தூரிகை. "பை நிறைந்தால் எறிந்துவிட்டுப் புதிதைப் போடு" என்று கையால் காட்டிச் சொன்னார். நான் தலையாட்டினேன். மனதுக்குள் 'எறியிறதோ? நல்ல கதை' என்றேன்.

நான் ஏன் அப்படி நினைத்தேன் என்பது இதை வாசிக்கும் வன்னிச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறவன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சவர்க்காரம் வந்தால் திருவிழா, பற்றரி வந்தால் அதிசயம். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். சீனிச் சாக்கு கிழிந்தால் நான்தான் தைப்பேன். ஒட்டுத் துணியை இரண்டாக மடித்து, கோணி ஊசியால் நெருக்கி நெருக்கித் தைத்தால் ஒரு மணி சீனி வெளியே வராது. "தம்பியின்ர ஒட்டு, சாக்கைவிடப் பலம்" என்று சனம் சொல்லும். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரேயொரு பாராட்டு அது. அதை இங்கேயும் காவிக்கொண்டு வந்திருந்தேன்.

ஆகவே பை நிறைந்ததும் எறியவில்லை. பின்முற்றத்தில் கவிழ்த்துத் தட்டி, திரும்பப் போட்டேன். மூன்றாம் தரம் தட்டும்போது கடதாசி கிழிந்தது. அலுமாரியில் புதுப் பைகள் இருந்தன, சாவியும் என்னிடம்தான் இருந்தது. ஆனால் புதிதை உடைக்கக் கை வரவில்லை. இவன் பையைத் தின்கிறான் என்று பெரித் நினைத்தால்? அறைக்குப் போய், இடுப்பில் கட்டும் என் பழைய சாரத்தை வெட்டி, இரண்டாக மடித்து, அளவெடுத்து ஒரு பை தைத்தேன். சோக்கான பை. யந்திரத்தின் பின்னால் கையை வைத்துப் பார்த்தேன், ஒரு பொட்டுத் தூசி வெளியே வரவில்லை. அதோடு யந்திரத்தின் முதுகில் அதுவரை எரியாத சிவப்பு விளக்கு ஒன்று பளிச்சென்று எரியத் தொடங்கியது. பத்து வருடம் மின்சாரத்தைக் காணாத ஊர்க்காரன் நான். விளக்கு எரிந்தால் எங்களுக்கு நல்ல செய்திதான். 'பார், மிசினுக்கே சந்தோசம்' என்று பெருமைப்பட்டேன்.

வரவேற்பறையின் வழுவழுப்பான தரையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மேல்மாடி நடையில்தான் வினை. அங்கே சுவரிலிருந்து சுவர்வரை கருநீலக் கம்பளம். விருந்தாளிகள் சப்பாத்தோடு கொண்டுவரும் வீதி மணல் அதன் மயிருக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். நான் யந்திரத்தை மேலும் கீழும் இழுப்பேன், மணல் அசையாது. காலால் மிதித்தால் நற நற என்று கேட்கும். முனையில் கம்பளத்துக்கும் தரைக்கும் என்று ஒரு நெம்பு இருந்தது. அதை இந்தப் பக்கம் தள்ளினேன், அந்தப் பக்கம் தள்ளினேன். தூரிகையைக் கழற்றிப் பார்த்தால் ஊரில் உள்ள எல்லாப் பெண்களின் தலைமயிரும் அதில் சுற்றிக் கிடந்தது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மணல் மணல்தான். யந்திரமோ கீச்சென்று கத்திக்கொண்டு நின்றது.

வேறு வழி? விடிய ஒரு மணித்தியாலம் முந்திப் போய், முழங்காலில் நின்று, கைத்தூரிகையால் கம்பளத்தைக் கோதிக் கோதி மணலை ஒதுக்கினேன். ஒருநாள் நடையின் மூலையில் நெற்றி கம்பளத்தில் முட்டக் குனிந்து நிற்கும்போது பெரித் வந்துவிட்டார். ஏதோ கேட்டார். இரண்டு கைகளையும் கூப்பிக் காட்டி மறுபடி கேட்டார். எனக்கு விளங்கவில்லை; விளங்காவிட்டால் சொல்வதற்கென்று எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் ஒரு சொல் இருக்கிறதே, அதைச் சொன்னேன். "யா, யா." அவர் தலையைத் தாழ்த்தி, நுனிக்காலில் நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு காலையில் அந்தப் பக்கம் வருவதையே அவர் நிறுத்திக்கொண்டார். நான் தொழுகிறேன் என்று நினைத்திருக்கிறார், பாவம் மனிசி. எனக்கு அது தெரிய ஒரு மாதம் ஆனது.

மரியாதை வேறு, கம்பளம் வேறு. மூன்றாம் மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது பெரித் என்னை நடைக்குக் கூட்டிப் போனார். சப்பாத்தால் கம்பளத்தைத் தேய்த்தார். நற நற. "அடுத்த வெள்ளி முதலாளி வருகிறார். இது இப்படி இருந்தால் நான் உனக்காக ஒன்றும் சொல்ல முடியாது." சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகத்தான் சொன்னார், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்காமல் போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வதனி கண்டாவளையிலிருந்து சைக்கிளில் பரந்தனுக்கு வந்து, ஒரு தொலைபேசிக் கடையில் காத்திருப்பாள். நான் இங்கிருந்து அழைப்பு எடுப்பேன். அன்றும் எடுத்தேன். இரண்டு வார்த்தை பேசவில்லை, பிடித்துவிட்டாள்.

"என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டால் ஏன் இழுத்து இழுத்துக் கதைக்கிறியள்? வேலை போட்டுதோ?"

"இன்னும் போகேல்லை."

"அப்ப போகப்போகுதோ?"

கொட்டிவிட்டேன். கம்பளம், மணல், வெள்ளிக்கிழமை, முதலாளி எல்லாவற்றையும். அழுதேனா என்று கேட்காதீர்கள். அவளுக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. நான் வந்தபிறகு எங்கள் மிளகாய்த் தோட்டத்தைப் பார்ப்பவள் அவள்தான். மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணி மிசினை அவளே கழற்றி அவளே பூட்டுவாள். எனக்கு அதில் கயிறு இழுக்க மட்டும்தான் தெரியும்.

"உந்த மிசின் என்ன சத்தம் போடுது?" என்று கேட்டாள்.

"சத்தத்துக்கென்ன குறை, முந்தியிலும் பாக்கக் கூட."

"கூடவோ? கீச்செண்டோ?"

"ஓம், கீச்செண்டுதான்."

"அப்ப அது ஒண்டையும் இழுக்கேல்லை. எங்கட மிசினும் குழாய் வாயில பாசி அடைச்சால் உப்பிடித்தான் கத்தும். தண்ணி ஏறினால்தான் முக்கி முக்கி ஓடும். எங்கயோ அடைச்சுக்கிடக்கு. குழாயைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். வெளிச்சம் தெரியுது."

"உள்ள போற காத்து எங்கால வெளியில போகுது?"

"பைக்குள்ளால."

"என்ன பை?"

"நான் தைச்ச பை."

"என்னத்தில தைச்சனீங்கள்?"

"பழைய சாரத்தில... ரெண்டு மடிப்பு."

"ரெண்டு மடிப்போ!" பரந்தன் சந்திக்கே கேட்டிருக்கும். "இஞ்சாருங்கோ, அதென்ன சங்கக் கடைச் சீனியே? காத்துப் போக வேண்டாமோ? மூக்கையும் பொத்திப்போட்டு மூச்சை இழு எண்டால் அது என்னெண்டு இழுக்கும்? புதுப் பை இல்லையோ அங்க?"

"கிடக்கு... அலுமாரி நிறைய."

"அப்ப எடுத்துப் போடுங்கோவன்! ஆருக்குச் சேத்து வைக்கிறியள்?" கோபமாகத்தான் தொடங்கினாள், பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும் வந்தது. நாலு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். கடைக்காரர் "தங்கச்சி, ஆக்கள் நிக்கினம்" என்று சொல்லும்வரை சிரித்தோம்.

திங்கட்கிழமை அலுமாரியைத் திறந்தேன். புதுப் பையின் உறையைக் கிழிக்காமல் மெதுவாகப் பிரித்து மடித்து வைத்தேன், உண்மையாகத்தான். பையைப் பூட்டி, யந்திரத்தை ஓடவிடும் ஆளியை அழுத்தினேன். கீச்சுச் சத்தம் இல்லை. கனத்த குரலில் உறுமியது. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. கம்பளத்தில் வைத்ததும் முனை தரையைக் கவ்விக்கொண்டது. இழுக்கப் பலம் தேவைப்பட்டது. குழாய்க்குள் மணல் சடசடவென்று ஏறிப் போவது கேட்டது. ஓட்டுக் கூரையில் முதல் மழை விழுவதைப் போல இருந்தது எனக்கு. அந்த நடையை நான் நாலு தரம் இழுத்தேன். இரண்டு தரம் தேவைக்கு, இரண்டு தரம் ஆசைக்கு.

சத்தம் மாறியதைக் கேட்டுப் பெரித் மேலே வந்தார். சப்பாத்தால் தேய்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. குப்பைக் கூடையில் கிடந்த என் சாரப் பையை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். "இதை நீ தைத்தாயா?" என்றார். தெரிந்த சொற்களை எல்லாம் பொறுக்கிப் போட்டு, கடை, சாக்கு, சண்டை, ஒன்றும் கிடைக்காத காலம் என்று சொன்னேன். முழங்காலில் நின்றது மணல் பொறுக்கத்தான் என்றும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "நீ கடவுளோடு பேசுகிறாய் என்று நினைத்தேன்" என்றார். பிறகு அந்தச் சிவப்பு விளக்கைத் தொட்டுக்காட்டி, அது எரிந்தால் பையில் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம் என்றார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போல இருந்தது. "கேட்டிருக்கலாமே" என்றார் அவர். கேட்டால் குறை என்று நினைக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு, கேட்காமல் விட்டால் குறை என்று நினைக்கும் ஊர் பிடிபட அவ்வளவு நாள் எடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முதலாளி வந்து கம்பளத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல் போனார். அடுத்த கிழமை கடிதம் கையில் கிடைத்தது.

வதனி வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த பனிக்காலம். ஓமந்தையில் இராணுவத்தினர் அவளுடைய பெட்டியைக் கிளறி, சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சேலை, பனங்கிழங்கு ஒடியல், அரிசிமா, செருப்பு எல்லாம் வீதியோர மண்ணில் பரவிக் கிடக்க, பஸ் வெளிக்கிடும் அவசரத்தில் அப்படியே அள்ளித் திணித்துக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் சின்ன அறையில் பெட்டியைத் திறந்து உதறியதும் சிவந்த மண் கம்பளமெல்லாம் கொட்டியது. பெரித்திடம் கேட்டு ஹோட்டலிலிருந்து இரவல் வாங்கி வைத்திருந்த ஸ்தோவ்சூகரை எடுத்தேன். "உதோ அந்த மிசின்? விடுங்கோ, நான் பாக்கிறன்" என்று வாங்கி அவளே இழுத்தாள். சத்தத்தைக் காதைச் சரித்துக் கேட்டு, "ம், இப்ப சரி" என்றாள்.

பையைக் கழற்றிப் பார்த்தேன். அரைப் பைதான். அடியில் இந்த ஊர்ச் சாம்பல் மணல், மேலே எங்கள் செம்மண். இதை எப்படி எறிவது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

"மண்ணை வைச்சு என்னப்பா செய்யப்போறியள்? அங்க எவ்வளவு கிடக்கு. போய்ப் பாப்பம், ஒரு கோடைக்கு. இப்ப கொண்டுபோய் எறியுங்கோ."

சரி என்று இறங்கினேன். வெளியே வாசற்படி மூன்றும் உறைந்து மினுங்கிக் கிடந்தன. வதனி அடுத்த நாள் காலை பதிவு அலுவலகத்துக்குப் போக அந்தப் படிகளில்தான் இறங்க வேண்டும். பனியில் நடந்து பழகாத கால். குப்பைத் தொட்டிவரை போனவன் திரும்பி வந்தேன். பையைக் கிழித்து, பஞ்சையும் நூலையும் ஒதுக்கிவிட்டு, மண்ணைக் கையால் அள்ளிப் படிகளில் விசிறினேன், அந்த லொறி விசிறுவதைப் போல. மிதித்துப் பார்த்தேன், சறுக்கவில்லை. நாளைக்கு அவளுடைய சப்பாத்தோடு இதில் பாதி திரும்பவும் வீட்டுக்குள் வரும் என்று தெரியும். வரட்டும் என்று இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்.