இரண்டாம் கொட்டகைக் கோழிகள்

கோழியின் குடலுக்குள் நல்ல பாக்டீரியாக்களைக் குடியேற்றுவதுதான் என் வேலை. கேட்கச் சுலபம். ஆனால் உள்ளே ஏற்கெனவே கோடிக்கணக்கில் பழைய குடித்தனக்காரர்கள். புதிதாக யாரை அனுப்பினாலும் இரண்டே நாளில் எச்சத்தோடு வெளியே தள்ளிவிடுவார்கள். ஆறு வகையைக் கூட்டணி சேர்த்து மூன்று வருஷம் மல்லுக்கட்டினேன். ஒன்றும் தங்கவில்லை. "இந்தத் தடவையும் தங்கலைன்னா திட்டத்தை மூடிடலாம். நீங்க தீவனப் பரிசோதனைக்குப் போயிடுங்க" என்று கோவையில் எங்கள் மேலாளர் சொல்லிவிட்டார். அங்கே நாள் முழுக்கப் புண்ணாக்கு மோந்து பார்க்க வேண்டும்.

பெருந்துறைப் பக்கம் ஒரு பண்ணைக்கார அம்மாவிடம் இரண்டு கொட்டகை கேட்டு வாங்கினேன். முதல் கொட்டகைக்கு மட்டும் குடிதண்ணீரில் என் பாக்டீரியா மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதனால் இரண்டாவதற்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. பத்துத் தடவை சொன்னேன். "ஆகட்டுங் கண்ணு" என்று பத்துத் தடவையும் தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்து எச்சத்தைச் சோதித்தேன். முதல் கொட்டகையில் என் பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. இரண்டாவதில் ஆறும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. டப்பா மாறியிருக்கும் என்று மறுபடி அள்ளிவந்து பார்த்தேன். அதேதான். கோபம் தலைக்கேற, அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன்.

அந்தம்மா அசரவே இல்லை. "ஏங் கண்ணு, பந்தில பாதிப் பேருக்குப் பரிமாறிப்போட்டு மீதிப் பேர வேடிக்க பாக்கச் சொல்ல முடியுமா? அதுகளும் நம்ம கோழிதான். மிச்சத்தத் தெனமும் ராகிக்கூழுல கலக்கி ஊத்திப்போட்டேன்."

"கூழு எதுக்குங்க?"

"இருந்ததே கொஞ்சூண்டு. வெறுந்தண்ணில குடுத்தா மருவாதையா இருக்குமா?"

மூன்று வருஷமாக அந்த ஆறு பேரையும் வெறும் வயிற்றோடு அல்லவா அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். போய் இறங்கிய இடத்தில் அவர்கள் எதைத் தின்பார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

மேலாளரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர், "அந்தம்மாவை இங்க வரச் சொல்லுங்க. கூழோட முறையா ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம்" என்றார். போனில் கேட்டேன். "கோழிய உட்டுப்போட்டு நான் எங்க வாரது? வேணும்னா நீ வா" என்றார்.

ஆக, திட்டம் பிழைத்தது, நான் பெருந்துறைக்கு மாறினேன். முதல் நாள் என் கையாலேயே கூழ் கிண்டினேன். கட்டி கட்டியாக வந்தது. அந்தம்மா எட்டிப் பார்த்து, அகப்பையைப் பிடுங்கிக்கொண்டு, "தள்ளு கண்ணு. இத்தன வருசம் என்னதான் படிச்சே?" என்றார்.