என் கணவர் பார்க்காத நான்

ஜப்பான்காரன் காலத்தில் டத்தோ கிராமாட்டில் குடியிருந்தோம். என் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். முன்பே இறுகிய மனசுக்காரி நான்; அந்தக் கோபத்தில் ஜெபிப்பதையும் விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா, காய்ச்சலில் கிடந்த மகளுக்குக் கஞ்சி வைக்க ஒரு பிடி அரிசி கேட்டார். பானையில் வைத்துக்கொண்டே இல்லை என்றேன். மகள் எப்படியோ பிழைத்தாள்.

அடுத்த மாதம் நான் மலேரியாவில் விழுந்தேன். அக்காதான் மரவள்ளிக்கிழங்கை மசித்து ஊட்டினார்.

"அன்னிக்கு அரிசி இருந்துச்சுக்கா. பொய் சொல்லிட்டேன்" என்று அழுதேன்.

"தெரியும்லா. வாயத் தொற, ஆறிடும்."

எழுந்து நடமாடிய அன்றே முழங்காலிட்டேன். என் கல்நெஞ்சை உடைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

சண்டை முடிந்தும் என் கணவர் திரும்பவில்லை. அவருக்குத் தெரிந்தவள் அந்த இறுகிப்போன பெண்தான். கர்த்தர் வனைந்தெடுத்த இவளோடு அவர் ஒரு நாளாவது வாழ்ந்திருக்கலாம் என்ற ஏக்கம் மட்டும் இன்னும் தீரவில்லை.